சுண்டுவிரல் இல்லாத இரண்டு நிமிடம்

மார்ச் 3, திங்கள்

சுவரொட்டியின் மாதிரி தபாலில் வந்தது. ஏப்ரல் 12, சனிக்கிழமை மாலை, நகர அரங்கம். வாத்தியக்குழுவின் பெயருக்குக் கீழே 'தனி வயலின்' என்று போட்டு என் பெயர். தாளிலேயே அச்சாகியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டு இல்லை.

நாற்பத்திரண்டு வருடத்தில் முப்பத்தொரு முறை பெரிய மேடையில் தனியாக வாசித்திருக்கிறேன். முப்பத்தொரு முறையும் வேறொருவருக்குப் பதிலாக. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு விமானம் தவறியது, ஒருவருக்கு மாமனார் போய்விட்டார். அவர்கள் பெயர்மேல் ஒட்டிய காகிதத் துண்டில் என் பெயர் இருக்கும். மற்ற நாட்களில் நால்வர் குழு, சினிமாப் பதிவு, நாட்டிய மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பது, எழுதியவருக்கே புரியாத புது இசை. 'எதைக் கொடுத்தாலும் வாசிப்பார்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அது பாராட்டுதானா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

எழுபத்தொரு வயதில் என்னை எனக்காகவே கூப்பிட்டிருக்கிறார்கள். குழுவைக் கைகாட்டி நடத்தும் புதிய கண்டக்டர் என் பழைய பதிவு ஒன்றைக் கேட்டாராம்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரொட்டியை மேலிருந்து கீழ்வரை படித்தாள். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள். "பிழை ஒண்ணுமில்ல. பாஸ்" என்றாள்.

எழுதாமல் விட்டால் இந்த நோட்டு வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை. எழுதிவிடுகிறேன். இடது கைச் சுண்டுவிரல் நடுங்குகிறது. டிசம்பரிலிருந்து. யாருக்கும் தெரியாது.

மார்ச் 5, புதன்

மருத்துவரிடம் தனியாகப் போனேன். நூலகம் போவதாக வீட்டில் சொன்னேன்.

"இது வயசோட வர்ற நடுக்கம் சார். உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"வயலினுக்கு?"

"வயலின்ல எப்படியும் விரலை ஆட்டிக்கிட்டேதானே இருப்பீங்க? கொஞ்சம் கூடுதலா ஆடுதுன்னு வெச்சுக்குங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

எந்த இடத்தில் தொந்தரவு என்று கேட்டார். விளக்கினேன். அன்று வாசிக்கும் படைப்பில், முதல் பகுதியின் கடைசியில் வாத்தியக்குழு முழுவதும் நிறுத்திவிடும். இரண்டு நிமிடம் என் வயலின் மட்டும் தன் போக்கில் வாசிக்கும். கடென்சா என்று பெயர். நடுவே மிக மெதுவாக நீளும் ஒரு ஸ்வரம். வயலினில் கட்டைவிரலை எண்ணுவதில்லை; மூன்றாவதான மோதிர விரல் அடியில் ஊன்றியிருக்க, நான்காவதான சுண்டுவிரல் மேலே அசையாமல் நிற்க வேண்டும். அங்கேதான்.

"அந்த ரெண்டு நிமிஷத்தை விட்டுட்டா என்ன?"

எல்லோரும் அதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள் என்றேன். மாத்திரை எழுதிக்கொடுத்தார். "பதற்றம் கூடினா நடுக்கமும் கூடும். பதற்றப்படாதீங்க."

எழுபத்தொரு வருடமாக முயன்று வருகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டேன். தினமும் காலை, அந்த நெடும் ஸ்வரத்தைப் பத்து தடவை வாசிப்பது. எத்தனை அசையாமல் நின்றன என்று குறிப்பது.

இன்று பத்தில் ஏழு.

மார்ச் 13, வியாழன்

அரை மாத்திரை போட்டேன். நடுக்கம் குறைந்தது. தலையும் சேர்ந்து குறைந்தது. ஐந்து வயதிலிருந்து தெரிந்த ஸ்வர வரிசையில் நடுவே நின்று, அடுத்தது என்ன என்று யோசித்தேன். வேண்டாம். டப்பாவை வயலின் பெட்டியில், வில்லுக்குப் பூசும் ரோசின் வைக்கும் அறைக்குள் மறைத்துவிட்டேன்.

பத்தில் ஆறு.

மார்ச் 18, செவ்வாய்

ஐந்து.

மார்ச் 24, திங்கள்

மேலாளர் தொலைபேசியில் பேசினார். மாற்று வயலின் ஏற்பாடு ஆகிவிட்டதாம். எனக்கு ஏதாவது நேர்ந்தால் வாசிக்க ஓர் ஆள். இது எல்லாக் கச்சேரிக்கும் உள்ள வழக்கம்தான். முப்பத்தொரு முறை நானே அந்த ஆள். ஆனால் எனக்கும் ஒருவர் வைப்பார்கள் என்று ஏனோ தோன்றவே இல்லை.

குழுவில் இரண்டாம் வயலின் பிரிவின் தலைவிதான் அந்த ஆள். நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். ஆள் குள்ளம், வாய் நீளம். குழுவில் எல்லோரும் 'கடுகு' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் முகத்துக்கு நேராகவே. மாற்று ஆளாக இருப்பவர் ஒத்திகையின்போது தன் நாற்காலியை விட்டு இறங்கி, எதிரே பார்வையாளர் பக்கம் மூன்றாவது வரிசையில் இசைத்தாளோடு உட்கார வேண்டும். மேடையில் நிற்பவருக்கு நேர் எதிரே.

அங்கிருந்து எல்லாம் தெரியும்.

மார்ச் 28, வெள்ளி

முதல் ஒத்திகை. ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது. பரவாயில்லை.

தொடக்கம் நன்றாக இருந்தது. நன்றாக என்றால், நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. கண்டக்டர் மரியாதையான ஆள், என் வேகத்துக்குக் காத்திருந்தார். கடென்சா வந்தது. குழு நின்றது. ஒரு நிமிடம் ஒரு தடங்கலும் இல்லை. பிறகு அந்த நெடும் ஸ்வரம்.

சுண்டுவிரல் துள்ள ஆரம்பித்தது. மூன்றாவது விரல் அடியில் ஊன்றியிருக்கிறது, நான்காவது எழும்பி எழும்பி விழுகிறது. அப்படி வாசித்தால் அதற்குப் பெயர் ட்ரில். எந்த ஊர் வாத்தியக்குழுவிலும் கடென்சா முடிந்தது, எல்லோரும் உள்ளே வரலாம் என்பதற்கு அடையாளம் அந்த ட்ரில்தான். கண்டக்டர் கையை உயர்த்தினார். அறுபது பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

கல்யாண மண்டபம் மாறிப் போனவர்கள் போல ஆகிவிட்டது. நாலைந்து தாளம் வாசித்துவிட்டு ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். ட்ரம்பட் கடைசிவரை நிற்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் கண்டக்டர், எல்லோர் முன்னாலும். "நீங்க ட்ரில் ஆரம்பிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். தப்பு என் பேர்லதான்."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லை" என்றேன். அவர் தவறை நான் மன்னித்தேன்! என் தவறை அவர் தலையில் ஏற்றி, பெரிய மனதோடு மன்னித்தேன்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். கடுகு இசைத்தாளைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை அந்த ஸ்வரத்தைப் பாதியில் வெட்டிவிட்டு மேலே போனேன்.

மார்ச் 30, ஞாயிறு

பத்தில் மூன்று.

மூன்றாவது விரலால் அதே ஸ்வரத்தைப் பிடித்துப் பார்த்தேன். அடுத்து இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்கும் இடத்துக்குக் கை எட்டவில்லை. ஆறு விதமாக விரல் மாற்றிப் பார்த்தேன். அந்தக் கடென்சாவை எழுதியவருக்கு நீண்ட, வலுவான நான்காவது விரல் இருந்திருக்கிறது. அதைக் காட்டவே எழுதியிருக்கிறார்.

"கண்டக்டர் என்ன சொன்னார், டிக்கெட் எடுக்கச் சொன்னாரா?" என்றாள் மனைவி. வழக்கமான கேலி. சிரிப்பு மட்டும் வழக்கம்போல் இல்லை. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ?

ஏப்ரல் 1, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். சுற்றி வளைத்து நலம் விசாரித்தார். மழை, வீடு, வயது. கடைசியில்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு ஒருத்தங்க கவலைப்பட்டாங்க. அக்கறையிலதான்."

"யார்?"

"அது வேண்டாமே சார். வியாழக்கிழமை, பத்தாம் தேதி, முழு ஒத்திகை இருக்கு. அது முடிஞ்சதும் முடிவு பண்ணிக்கலாம். நீங்களா, மாற்று ஆளான்னு."

வைத்துவிட்டார்.

உடம்பு சரியில்லையோ. அக்கறை. இந்த இரண்டு சொற்களும் எனக்கு நன்றாகத் தெரியும். என் வாயிலிருந்து வந்தவை அவை. இதை இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. மாற்று ஆளாக முதல் முறை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் ஒரு பெரியவர். மெதுவான பகுதியில் அவர் வில் தந்தியின்மேல் நடுங்கியது. மிக லேசாக. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஒத்திகை முடிந்ததும் அப்போதைய மேலாளரின் அறைக்குப் போனேன். "பெரியவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது" என்றேன். பொய் இல்லை. கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறைக்குள் போகும்போதே அந்தக் கச்சேரியில் வாசிக்க வேண்டியதன் முதல் வரி என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நான் வாசித்தேன். கைதட்டினார்கள். அவர் அந்த மேடைக்கு மறுபடி வரவே இல்லை. என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

இப்போது என் முறை. வேறென்ன எதிர்பார்த்தேன்?

ஏப்ரல் 3, வியாழன்

செய்யக்கூடாததைச் செய்தேன்.

அரங்கத்துக்குப் பின்னால் உள்ள ஒப்பனை அறையில் பயிற்சி செய்யப் போயிருந்தேன். வெளியே நடையில் கடுகு எதிர்ப்பட்டார். தோளில் வயலின், கையில் பிள்ளைகளின் பள்ளிப் பை. "எப்படி இருக்கீங்க சார்?" என்றார்.

நான் சத்தமாகப் பேசிய நாட்களை எண்ணிவிடலாம். இன்று அதில் ஒன்று கூடிவிட்டது.

"இன்னும் ஒன்பது நாள்தானே அம்மா இருக்கு. அதுவரைக்கும் பொறுக்க முடியலையா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"மூணாவது வரிசையில முப்பத்தொரு தடவை உக்காந்தவன் நான். அங்க உக்காந்தா மனசு எங்கெல்லாம் போகும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் முகம் கறுத்தது. பையைக் கீழே வைத்தார். என்னைவிட ஒரு அடி குள்ளம், ஆனாலும் அந்த நிமிடம் அண்ணாந்து பார்த்தது நான்தான் என்று தோன்றியது.

"நீங்க உக்காந்த சீட்டு வேற சார், நான் உக்காந்த சீட்டு வேற" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன பேசிவிட்டேன். என்ன மனுஷன் நான். அவங்க சொல்லியிருந்தாத்தான் என்ன, அதைக் கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

பத்தில் ஒன்று.

ஏப்ரல் 5, சனி

கடுகு சொல்லவில்லை. சொன்னது என் மனைவி.

காலையில் அலமாரியிலிருந்து கச்சேரிச் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டாள். "பொத்தானைப் போடுங்க பார்ப்போம்" என்றாள். முதல் பொத்தானை வலது கையால் போட்டேன். இரண்டாவதையும். "இடது கை என்ன, லீவா?" என்றாள். இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"மூணு மாசமா டம்ளரை வலது கையாலயே எடுக்கிறீங்க. பேப்பரை மேசையில விரிச்சுப் போட்டுப் படிக்கிறீங்க. ரோசின் அறையில மாத்திரை. முப்பத்தெட்டு வருஷம் நான் என்ன பண்ணினேன்னு நெனச்சீங்க? ஒளிச்சு வைக்கிற பிள்ளைங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"மேலாளர்கிட்ட…"

"நான்தான் சொன்னேன்."

நாற்காலியில் இருந்த சட்டையின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்வீங்க? ஒண்ணுமில்லம்பீங்க. அந்த ஒண்ணுமில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சுங்க." குரல் உடைந்தது. வகுப்பறைக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "அத்தனை பேர் முன்னால நீங்க தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. திட்டணும்னா திட்டுங்க."

திட்டவில்லை. திட்டத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "சட்டை கசங்குது, எழுந்திருங்க" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடுகின் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவை தெருமுனைவரை போய்த் திரும்பினேன். நான்காவது தடவை கதவைத் தட்டினேன்.

பிள்ளைகளின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உக்காருங்க சார். நீங்க நின்னுக்கிட்டு மன்னிப்புக் கேட்டா எனக்குக் கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தேன். பெரியவர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் சூடு இதமாக இருந்தது, அதனால் இருக்கலாம். கடைசிவரை கேட்டார்.

"இதை அந்தப் பெரியவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. இப்ப அவர் இல்ல."

"அப்போ என்கிட்ட சொல்லிட்டுத் தப்பிச்சுக்கப் பார்க்காதீங்க." சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். "எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அது ட்ரில் இல்ல. மூணாவதுக்கு மேல நாலாவது துள்ளுச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நான்தானே வாசிக்கணும்! அந்தக் கடென்சாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. எவரோ நெட்டையான ஆள் தன் கைக்குத் தச்சுக்கிட்ட சட்டை அது. எனக்குத் தொளதொளங்குது. உங்களுக்கு இறுக்குது. நீங்க ஏன் அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

எப்போதும் அப்படித்தான் என்றேன். பதிலுக்குப் போகிறவன், வரவேண்டியவர் எந்தக் கடென்சாவைச் சொல்லி வைத்திருந்தாரோ அதையே வாசிக்க வேண்டும். குழுவுக்கு அதன் முடிவுதான் தெரியும்.

"இந்தத் தடவை நீங்க யாருக்கும் பதில் இல்லையே சார்" என்றார். அடுத்த சட்டையை எடுத்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

கடென்சாவைத் தனி வாசிப்பாளரே எழுதிக்கொள்ளலாம். அது அவர் உரிமை. பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வருடத்தில் எனக்குப் பொருந்தும் என்று நினைத்ததில்லை.

காலை ஆறு மணியிலிருந்து எழுதினேன். பகல் பன்னிரண்டுக்குள் ஆறு பக்கம். வாசித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் யாராவது ஒருவர் எட்டிப் பார்க்கிறார். இந்தத் தாவல் இன்னாருடையது, அந்த இறக்கம் இன்னாருடையது. எதைக் கொடுத்தாலும் வாசித்ததன் பலன் இது. எல்லோர் வீட்டுச் சாவியும் என்னிடம் இருக்கிறது, என் வீட்டுச் சாவியைத்தான் காணவில்லை.

ஆறு பக்கமும் குப்பைக்கூடைக்குப் போயின.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று சுண்டுவிரலை ஒரு துணிப்பட்டையால் மோதிர விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். வேறு காரணம் இல்லை, அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்று விரலுக்கு மட்டும் எழுதினேன். சுண்டுவிரல் எட்ட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் வேறு வழியில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சில இடங்களில் பேசாமல் நிற்க வேண்டியிருந்தது.

மாலை நான்குக்கு முழுவதையும் வாசித்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று விரலுக்கென்று அவர்களில் யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

முடிவில் ட்ரில் வைக்கவில்லை. இரண்டாம் தந்தியை விரலே வைக்காமல், வெறும் தந்தியாக, ஒரே நீண்ட வில்லில் இழுத்து முடித்தேன். எந்த விரலும் இல்லாவிட்டால் எது நடுங்கும்?

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வருடமாக என் பயிற்சியைச் சுவர்க் கடிகாரம் போலக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

"இது யாரோடது? நான் கேட்டதில்லையே."

நான் பதில் சொல்வதற்குள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

கண்டக்டரிடம் பேசினேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு.

"மூணு நாள் இருக்கும்போது கடென்சாவை மாத்துறீங்களா சார்?"

விரலைப் பற்றிச் சொன்னேன். அன்று தவறு செய்தது அவரல்ல, நான் என்றும் சொன்னேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ட்ரில் இல்லாம நான் எப்படிக் குழுவை உள்ள கொண்டுவர்றது?"

"வெறும் தந்தியில முடிக்கிறேன். இடது கைக்கு அங்க வேலை இல்ல. அதைக் கீழ இறக்கிடுறேன். கை கீழ வந்துட்டா நீங்க வரலாம்."

"வயலின்?"

"தாடைக்கும் தோளுக்கும் நடுவுல அது நிக்கும்."

பிறகு, "நாளைக்குக் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான். சம்மதமா, மறுப்பா, எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

முழு ஒத்திகை. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவருகில் நின்றார். மூன்றாவது வரிசையில் கடுகு.

கடென்சா வந்தது. வாசித்தேன். கடைசி வெறும் தந்தி. அது வாத்தியக்குழு சுருதி சேர்க்கும் அதே ஸ்வரம். பின்னாலிருந்து, சுருதிக்கு ஸ்வரம் கொடுக்கும் ஓபோக் குழல்காரர், "மறுபடியும் முதல்லேருந்து சுருதி சேர்க்கணுமா சார்?" என்றார். சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை இறங்கவில்லை.

வில் நுனிவரை வந்துவிட்டது. திருப்பி இழுத்தேன். இன்னொரு முறை. கை வயலினின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அறுபத்தாறு வருடமாக அங்கேயே இருக்கும் கை. வாசிக்கும்போது ஒரு நாளும் அதை எடுத்ததில்லை. இறங்கினால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். கண்டக்டர் காத்திருந்தார். அறுபது பேரும் காத்திருந்தார்கள். நான் நிறுத்திவிட்டேன்.

"இன்னொரு தடவை பார்ப்போம் சார்" என்றார் கண்டக்டர்.

இரண்டாம் தடவை இறக்கினேன். வந்தார்கள். சரியான இடத்தில், ஒரே ஆளாக.

முடிந்ததும் மேலாளர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கடுகைப் பார்த்தார். கடுகு இசைத்தாளை மூடி மடியில் வைத்து, "சனிக்கிழமை எனக்கு என் நாற்காலிதான் வசதி" என்றார்.

நான்தான் வாசிக்கிறேன் என்று முடிவாகிவிட்டது. ஆனால் முதல் தடவை கை இறங்கவில்லையே. சனிக்கிழமை இரண்டாம் தடவை கிடையாது.

ஏப்ரல் 12, சனி. காலை

பத்து தடவை வாசித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எண்ண எதுவும் இல்லை. வயலினைத் தாடையில் வைத்துக்கொண்டு, இடது கையை எடுத்துக் கீழே தொங்கவிட்டுப் பழகினேன். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். "கழுத்தை நிமிர்த்துங்க. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி இருக்கு" என்றாள்.

"வர்றியா?"

"மூணாவது வரிசையில டிக்கெட் வாங்கியாச்சு. தெம்பு இருக்கோ இல்லையோ."

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்றை வரிசையாக எழுத முயல்கிறேன்.

முதல் பகுதி சுமார். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. பயம். கடென்சாவில் முதல் வரி கரகரத்தது, பிறகு சரியானது. நான் பேசாமல் நிற்க வேண்டிய இடங்களில் அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை.

வெறும் தந்திக்கு வந்தேன். வில்லை அடிமட்டத்திலிருந்து இழுத்தேன். பாதி வில்வரை கை பிடித்துக்கொண்டுதான் இருந்தது. முக்கால். அப்போது விரல் மறைவில் துள்ளத் தொடங்கியது தெரிந்தது. ஒளிந்துகொண்டு துள்ளுகிறது. எனக்குக் கோபம் வந்தது. பயம் இல்லை, கோபம்தான். கையை எடுத்தேன்.

கை கீழே தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில், ஆயிரம் பேர் முன்னால், சுண்டுவிரல் தன் இஷ்டத்துக்கு ஆடியது. மறைக்க வேறு இடமில்லை. தந்தியின் ஸ்வரம் மட்டும் அசையாமல் நின்றது. கண்டக்டர் அந்தக் கையைப் பார்த்து, ஒரு மூச்சு எடுத்து, குழுவை உள்ளே அழைத்தார்.

கடைசிப் பகுதியில் இரண்டு இடங்களில் சறுக்கினேன். ஒன்று எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

கைதட்டல் பற்றி எழுதத் தெரியவில்லை. வணங்கி எழுந்தபோது இரண்டாம் வயலின்களின் முதல் நாற்காலியில் கடுகு வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டிக்கொண்டிருந்தார். மனைவி கைதட்டவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"கை தட்டலையே?"

"எண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டு தப்பு." பேருந்து நிறுத்தம்வரை என் இடது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜூனில் மோதிர விரலுக்கும் வந்துவிட்டது. அதன்பிறகு மேடை இல்லை. காலையில் ஒரு மணி நேரம் வெறும் தந்திகளில் வில்லை இழுக்கிறேன். போதாது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது.

மதியம் கடுகு தொலைபேசியில் கூப்பிட்டார், வேறொரு நகரத்திலிருந்து. அடுத்த வாரம் அங்கே அதே படைப்பைத் தனி வயலினாக வாசிக்கிறார். யாருக்கும் பதிலாக அல்ல. போன மாதம் என் கடென்சாவின் பிரதி கேட்டிருந்தார், அனுப்பியிருந்தேன்.

"சார், கடைசி வரிக்கு மேல 'இடது கை கீழே'ன்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா."

"இங்க இருக்கிற கண்டக்டர் சட்டம் பேசுற ஆளு. வெறும் தந்திக்கு விரல் வேண்டாம், சரி. கையை எதுக்குக் கீழ இறக்கணும், இருக்கிற இடத்துலயே இருந்தா என்ன குறைஞ்சு போகுதுங்கறார். என்ன சொல்லட்டும்? உங்க விரல் கதையைச் சொல்லவா?"

யோசித்தேன். சமையலறையிலிருந்து மனைவி 'யாரு?' என்று சைகையில் கேட்டாள்.

"வேண்டாம்மா. அப்படித்தான் எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுமுனையில் தாளில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. "சரி சார்," என்றார். "இறக்கிடுறேன்."